செல்லுலார் வாட்ச்: எந்த நாட்டில் வாங்கி, எந்த நெட்வொர்க்கில் போடுவது?

அமெரிக்காவிலிருந்து வரும் அண்ணனிடமோ துபாயில் இருக்கும் மச்சானிடமோ ஸ்மார்ட் வாட்ச் வாங்கிவரச் சொல்பவர்கள் விலையைக் கேட்பார்கள், நிறத்தைச் சொல்வார்கள், அதோடு விட்டுவிடுவார்கள். போனோடு புளூடூத்தில் மட்டும் இணையும் வாட்ச் என்றால் அது போதும். போனை வீட்டில் வைத்துவிட்டு வாட்ச்சிலிருந்தே கால் பேசும் செல்லுலார் வாட்ச் என்றால் போதவே போதாது. போனை எந்த நாட்டில் வாங்கினாலும் லாக் இல்லாமல் இருந்தால் உள்ளூர் சிம்மைச் செருகி ஓட்டிவிடலாம். ஆப்பிள், சாம்சங்கின் இப்போதைய வாட்ச்களில் சிம் செருக இடமே கிடையாது, உள்ளே பதித்த இ-சிம்தான். அதில் இணைப்பை ஏற்ற வேண்டியது உங்கள் மொபைல் நிறுவனம். அவர்கள் வாட்ச்சுக்கென்று தனிச் சேவை நடத்தினால் ஏற்றுவார்கள், இல்லையென்றால் ‘எங்களிடம் இ-சிம் இருக்கே’ என்று சொல்லி போனுக்கான கியூஆர் கோடைக் கையில் கொடுத்து அனுப்புவார்கள், அது வாட்ச்சுக்கு உதவாது.

முதலில் ஒரு கேள்வி. போன் இல்லாமல் வெளியே போகிறீர்களா? காலையில் ஓடப் போகிறவர், நீச்சலுக்குப் போகிறவர், போன் கொடுக்க விரும்பாத பிள்ளைக்கு ஏதாவது ஒன்று கட்டிவிட நினைப்பவர், இவர்களுக்கெல்லாம் செல்லுலார் வாட்ச் சரி. கழிவறைக்குக்கூட போனோடு போகிறவர் என்றால் ஜிபிஎஸ் மட்டும் உள்ள வாட்ச்சை வாங்கி, மிச்சக் காசைப் பையில் போட்டுக்கொள்ளலாம். வேலைக்காக இரண்டு வருடத்துக்கு ஒரு நாடு மாறுகிறவர்களுக்கும் என் யோசனை அதேதான். ஏன் என்பது போகப்போகப் புரியும்.

மூன்று பொருத்தம்

கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்ப்பார்கள், இதற்கு மூன்று போதும். ஆனால் மூன்றும் இருக்க வேண்டும். ஒன்று, உங்கள் மொபைல் நிறுவனம் உங்கள் வாட்ச் பிராண்டுக்குச் சேவை தருகிறதா? இரண்டு, போனில் இருக்கும் நம்பரும் அதே நிறுவனத்துடையதா? மூன்று, வாட்ச்சின் ரேடியோ அந்த நாட்டு அலைவரிசைகளைப் பிடிக்குமா?

முதலாவதில்தான் நிறையப் பேர் மாட்டுகிறார்கள். ஆப்பிள் வாட்ச் சீரிஸ் 3 செல்லுலாரோடு 2017 செப்டம்பரில் வந்தபோது பிரிட்டனில் இஇ நிறுவனத்திலும் ஜெர்மனியில் டெலிகாமிலும் மட்டும்தான் வேலை செய்தது. சீனாவில் சைனா யூனிகாம் தொடங்கிய சில நாட்களிலேயே புதிய இணைப்புகள் நிறுத்தப்பட்டன. இந்தியாவுக்கு அது 2018 மே மாதம்தான் வந்தது, அதுவும் ஏர்டெல், ஜியோ இரண்டுக்கு மட்டும். இப்போது பட்டியல் நீண்டிருக்கிறது, ஆனால் எல்லா நிறுவனமும் அதில் இல்லை. சிங்கப்பூரில் சிங்டெல், ஸ்டார்ஹப், எம்1, அமீரகத்தில் எதிசலாத், டு, கனடாவில் பெல், ரோஜர்ஸ், டெலஸ் என்று பெரிய நிறுவனங்கள் தருகின்றன. அவர்களின் டவரை வாடகைக்கு எடுத்து மலிவு விலையில் சிம் விற்கும் சிறிய நிறுவனங்களில் பலவற்றில் இந்தச் சேவை இல்லை. பெரிய நிறுவனத்தின் டவரில் ஓடுவதால் வாட்ச்சும் ஓடும் என்று நினைக்காதீர்கள். வாட்ச்சை அடையாளம் கண்டு அனுமதிக்கும் சர்வர் தனி, அதை அந்தச் சிறிய நிறுவனமும் ஏற்படுத்தியிருக்க வேண்டும்.

ப்ரீபெய்டா போஸ்ட்பெய்டா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். பல நாடுகளில் போஸ்ட்பெய்டுக்கு மட்டும்தான் தருவார்கள். கம்பெனி கொடுத்த நம்பர் என்றால் அது கம்பெனியின் கணக்கில் இருப்பதால் நீங்களாக வாட்ச் சேர்க்க முடியாமல் போக வாய்ப்பு அதிகம், ஆபீஸில் விசாரித்துவிட்டுப் பணத்தை எடுங்கள்.

கேட்கும்போது ‘வாட்ச்சுக்கு இ-சிம் உண்டா’ என்று கேட்டால் கவுன்டரில் இருப்பவர் குழம்புவார். சேவையின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். வெரைசனில் அது நம்பர்ஷேர், ஏடி அண்ட் டியில் நம்பர்சின்க், டி-மொபைலில் டிஜிட்ஸ், வோடபோன் இருக்கும் ஐரோப்பிய நாடுகளில் ஒன்நம்பர், ஜியோவில் ஜியோ எவ்ரிவேர் கனெக்ட். எல்லாம் ஒரே வேலைதான். வாட்ச்சுக்குள் தனியாக ஒரு இணைப்பு இருக்கும், நெட்வொர்க் அதை உங்கள் போன் நம்பரோடு கட்டிவிடும், யாராவது கூப்பிட்டால் இரண்டும் அடிக்கும். ஆப்பிளின் இணையதளத்தில் நாடு வாரியாக எந்த நிறுவனம் வாட்ச்சுக்குச் சேவை தருகிறது, ரோமிங் உண்டா என்ற பட்டியல் இருக்கிறது. கடைக்காரர் சொல்வதைவிட அதை நம்பலாம்.

இரண்டாவது பொருத்தம் எளிது. போனில் ஜியோ நம்பரை வைத்துக்கொண்டு வாட்ச்சில் ஏர்டெல் போட முடியாது. இரட்டை சிம் ஐபோனில் இரண்டு நிறுவனமும் இருந்தால் வாட்ச்சில் இரண்டு இணைப்பையும் சேர்த்துவைக்கலாம், ஆனால் ஒரு நேரத்தில் ஒன்றுதான் வேலை செய்யும், மாற்ற வேண்டுமானால் போனில் வாட்ச் ஆப்புக்குள் போய் மாற்ற வேண்டும். இதற்கு ஒரே விலக்கு, ஐபோன் இல்லாத பிள்ளைக்கோ பெரியவருக்கோ உங்கள் ஐபோனிலிருந்து அமைத்துக் கொடுக்கும் குடும்ப வசதி. அதில் வாட்ச்சுக்குத் தனி நம்பர், அது உங்கள் நிறுவனமாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த வசதியையும் எல்லா நிறுவனமும் தருவதில்லை.

இன்னொன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதைக் கேட்காதவர் இல்லை: வாட்ச்சுக்காகப் போனில் இருக்கும் பிளாஸ்டிக் சிம்மை இ-சிம்மாக மாற்ற வேண்டியதில்லை. அது பாட்டுக்கு அது இருக்கட்டும். ‘உங்கள் வாட்ச்சை ஆக்டிவேட் செய்கிறோம், ஓடிபி சொல்லுங்கள்’ என்று யாராவது போன் செய்தால் உடனே வைத்துவிடுங்கள். இ-சிம் பெயரைச் சொல்லி நம்பரையே பறித்துக்கொண்டு வங்கிக் கணக்கைக் காலி செய்யும் மோசடி நடக்கிறது.

அலைவரிசை, கொஞ்சம் நிதானமாக

ஒவ்வொரு நாட்டிலும் 4ஜி ஓடும் அலைவரிசை வேறு. ஜியோ 850, 1800, 2300 மெகாஹெர்ட்ஸில் ஓடுகிறது. ஏர்டெல் 900, 1800, 2100, 2300. அமெரிக்காவில் டி-மொபைலுக்கு 600, வெரைசனுக்கும் ஏடி அண்ட் டிக்கும் 700 முக்கியம். ஐரோப்பாவில் 800, 1800, 2600. இப்போதைய நல்ல போன்களில் இதெல்லாம் அநேகமாக ஒன்றாகவே இருக்கும். வாட்ச் சின்னது, ஆன்டெனாவுக்கும் பேட்டரிக்கும் இடம் குறைவு, அதனால் அமெரிக்கக் கண்டத்துக்கு ஒரு மாடல், ஐரோப்பாவுக்கும் ஆசிய நாடுகளுக்கும் ஒரு மாடல், சீனாவுக்கு ஒன்று என்று பிரித்துச் செய்தார்கள். வெளியே பார்த்தால் எல்லாம் ஒரே வாட்ச்.

ஒரு வாட்ச்சில் ஜியோவின் மூன்றில் 850 மட்டும் இருக்கிறது, 1800-உம் 2300-உம் இல்லை என்று வையுங்கள். ஆக்டிவேஷன் ஆகலாம், வீட்டு வாசலில் சிக்னலும் காட்டலாம், நாலு தெரு தள்ளிப் போனால் செத்துவிடும். சுத்தமாக வேலையே செய்யாத வாட்ச்சைவிட இதுதான் பெரிய தொல்லை, ஏனென்றால் நீங்கள் நிறுவனத்தைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள், நிறுவனம் உங்கள் வாட்ச்சைக் குறை சொல்லிக்கொண்டிருக்கும்.

அதனால் வாங்குமுன் மாடல் எண்ணைப் பாருங்கள். ஆப்பிள் வாட்ச் என்றால் போனில் வாட்ச் ஆப், ஜெனரல், அபவுட், மாடல். அந்த இடத்தை ஒரு தட்டு தட்டினால் ஏ என்ற எழுத்தில் தொடங்கும் எண் வரும். அந்த எண்ணை வைத்து ஆப்பிள் தளத்தில் அலைவரிசைப் பட்டியலைத் தேடி, உங்கள் நிறுவனத்தின் எண்களோடு ஒப்பிடுங்கள். தட்டுவதற்கு முன் தெரிந்த எண்ணில் சாய்கோட்டுக்கு முன்னால் இருக்கும் எழுத்துகள் விற்ற நாட்டைச் சொல்லும்: இந்தியா என்றால் எச்என், அமெரிக்கா எல்எல், ஹாங்காங் இசட்பி. சாம்சங் கேலக்ஸி வாட்ச்சில் மாடல் எண்ணின் வாலே சொல்லிவிடும். கேலக்ஸி வாட்ச் 4-இன் சின்ன எல்டிஇ (4ஜி செல்லுலார்) மாடல் ஆர்865. அதன் பின்னால் எஃப் இருந்தால் பொது மாடல், யு என்றால் அமெரிக்கா, என் என்றால் கொரியா. கொரியாவிலிருந்து மலிவாக வரும் ‘என்’ வாட்ச் இங்கே மணியும் நடந்த அடிகளும் அழகாகக் காட்டும், சிம் மட்டும் ஏறாமல் போகலாம். சாம்சங்கில் நாட்டுக்கேற்ற மென்பொருளும் வேறு என்பதால் அலைவரிசை பொருந்தினாலும் மொபைல் பிளான் மெனு மக்கர் பண்ணுவது உண்டு.

பொதுவாக இந்தியா, சிங்கப்பூர், மலேசியா, அமீரகம், பிரிட்டன் இவற்றுக்குள் வாட்ச் மாறுவது சிக்கல் குறைவு. அமெரிக்கா, கனடாவுக்கும் மற்ற நாடுகளுக்கும் இடையில் மாறுவதில்தான் கவனம். பழைய மாடல் என்றால் இன்னும் கவனம்.

அமெரிக்காவில் வாங்குகிறவர்களுக்கு ஒரு உபரித் தகவல், இது சிம் சம்பந்தப்பட்டது இல்லை. காப்புரிமை வழக்கு காரணமாக 2024 ஜனவரியிலிருந்து அங்கே விற்ற ஆப்பிள் வாட்ச்களில் ரத்த ஆக்சிஜன் அளவி முடக்கப்பட்டிருந்தது. 2025 ஆகஸ்டில் கணக்கை ஐபோனில் போடும் வேறு வடிவத்தில் திரும்பக் கொடுத்தார்கள். செகண்ட் ஹேண்டில் வாங்கும்போது இதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இணைப்பது எப்படி

ஆப்பிள் வாட்ச்சையே எடுத்துக்கொள்கிறேன். முதலில் அது செல்லுலார் மாடல்தானா என்று பாருங்கள், பக்கவாட்டில் திருகும் குமிழில் பெரும்பாலும் சிவப்பு வளையம் இருக்கும், சீரிஸ் 3-இல் முழுச் சிவப்புப் புள்ளி. பழைய வாட்ச் வாங்குகிறீர்கள் என்றால் விற்பவர் தன் கணக்கிலிருந்து அதை விடுவித்திருக்கிறாரா என்று அவர் எதிரிலேயே சரிபாருங்கள், இல்லையென்றால் வாட்ச் உங்களுக்கு வெறும் கண்ணாடித் துண்டு.

ஐபோனையும் வாட்ச்சையும் புது மென்பொருளுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். பிறகு போனில் செட்டிங்ஸ், ஜெனரல், அபவுட் பக்கத்தைத் திறந்து ஒரு நிமிடம் சும்மா இருங்கள். மொபைல் நிறுவனத்தின் அமைப்புகளுக்குப் புதுப்பிப்பு இருந்தால் அங்கேதான் கேட்கும். வோல்ட்டி, அதாவது 4ஜி வழியாகவே குரல் அழைப்பு பேசும் வசதி, ஆனில் இருக்கட்டும். ஜியோவில் அது இல்லாமல் குரல் அழைப்பே கிடையாது.

அப்புறம் வாட்ச் ஆப்பில் மை வாட்ச், செல்லுலார், செட் அப் செல்லுலார். இப்போது திறக்கும் பக்கம் ஆப்பிளுடையது இல்லை, உங்கள் மொபைல் நிறுவனத்தின் பக்கம். நம்பர் கேட்கும், ஓடிபி வரும், சிலர் கணக்கின் பாஸ்வேர்டும் கேட்பார்கள், மாதக் கட்டணத்துக்குச் சம்மதம் வாங்குவார்கள். அமெரிக்காவில் இந்தக் கட்டணம் மாதம் 10 டாலரை ஒட்டி, வரி தனி. மற்ற நாடுகளில் வேறுபடும், சில பிளான்களில் சேர்ந்தே வரும், முதல் சில மாதம் இலவசம் என்று சொல்லி அப்புறம் பில்லில் ஏற்றுவதும் உண்டு, அந்தப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருப்பதையும் படித்துவிடுங்கள். ஒப்புக்கொண்டபின் சில நிமிடங்களில் இணைப்பு இறங்கிவிடும், அதுவரை வாட்ச்சைப் போனுக்குப் பக்கத்திலேயே வைத்திருங்கள்.

செல்லுலார் மெனுவே தெரியவில்லை, அல்லது நிறுவனத்தைத் தொடர்புகொள்ளுங்கள் என்று வருகிறது என்றால் முதலில் பட்டியலில் உங்கள் நிறுவனம் இருக்கிறதா என்று திரும்பப் பாருங்கள். இருந்தும் வரவில்லை என்றால் கஸ்டமர் கேரை அழைத்து வாட்ச்சின் இஐடி (இ-சிம்மின் அடையாள எண்), ஐஎம்இஐ (கருவியின் அடையாள எண்) இரண்டையும் கொடுங்கள். இஐடி 32 இலக்கம், ஐஎம்இஐ 15 இலக்கம். இரண்டும் வாட்ச்சின் அபவுட் பக்கத்தில் இருக்கும். போனின் ஐஎம்இஐயைக் கொடுத்துவிட்டு நாள் கணக்கில் காத்திருப்பவர்கள் உண்டு, வாட்ச்சுடையது என்று அழுத்திச் சொல்லுங்கள்.

கேலக்ஸி வாட்ச் என்றால் கேலக்ஸி வேரபிள் ஆப்பில் மொபைல் பிளான்ஸ் போக வேண்டும், மீதி இதே போலத்தான். சில நிறுவனங்கள் கியூஆர் கோடு தரும். கேலக்ஸி வாட்ச் 4-இலிருந்து ஐபோனோடு அவை சேராது, ஆப்பிள் வாட்ச் எப்போதுமே ஆண்ட்ராய்டோடு சேராது. வீட்டில் போன் பிராண்ட் மாறப்போகிறது என்றால் வாட்ச்சும் மாற வேண்டும் என்று அர்த்தம்.

சோதித்துப் பார்ப்பது

இதை ஒழுங்காகச் செய்கிறவர்கள் குறைவு. வாட்ச் முதலில் போனின் புளூடூத்தைத் தேடும், அது இல்லையென்றால் தெரிந்த வைஃபை, அதுவும் இல்லாதபோதுதான் செல்லுலார். அதனால் வீட்டு சோபாவில் உட்கார்ந்துகொண்டு கால் போட்டுப் பார்த்து ‘வேலை செய்யுது’ என்றால் அது போன் வழியாகப் போன கால். கன்ட்ரோல் சென்டரில் புளூடூத் பொத்தானை அணைத்தாலும் ஐபோன் ஆப்பிள் வாட்ச்சின் இணைப்பை விடாது, செட்டிங்ஸுக்குள் போய் அணைக்க வேண்டும். அதைவிட எளிது, போனை வீட்டில் வைத்துவிட்டுத் தெருமுனை வரை நடப்பது. வாட்ச்சின் கன்ட்ரோல் சென்டரில் செல்லுலார் பொத்தான் பச்சையாக இருந்தால் நேரடியாக டவரில் இருக்கிறது. வெள்ளையாக இருந்தால் இணைப்பு இருக்கிறது, ஆனால் இப்போது போனையோ வைஃபையையோ பிடித்திருக்கிறது. பச்சை வந்ததும் ஒரு கால் போடுங்கள், ஒரு கால் வரவையுங்கள். இரண்டையும் பாருங்கள், போகும் கால் சரியாக இருந்து வரும் கால் மட்டும் அடிக்காத கேஸ் உண்டு, அது நம்பரைக் கட்டும் இடத்தில் நிறுவனத்தின் பக்கம் விட்டுப்போனது.

வங்கி ஓடிபி, சாதாரண எஸ்எம்எஸ் எல்லாம் ஆப்பிள் வாட்ச்சுக்கு வர வேண்டுமென்றால் ஐபோன் எங்கேயாவது ஆன் ஆகி இணையத்தில் இருக்க வேண்டும், பக்கத்தில் இருக்க வேண்டியதில்லை. போன் சார்ஜ் இறங்கி அணைந்துவிட்டால் வாட்ச்சைக் காட்டி யுபிஐ, ஓடிபி என்று சமாளிக்கலாம் என்ற கனவு வேண்டாம்.

இந்தியாவில் இன்னொரு விஷயம். ஆப்பிள் வாட்ச் 2ஜி பிடிக்காது. மலைப் பாதையிலோ உள்கிராமத்திலோ உங்கள் ஏர்டெல் போன் 2ஜியில் விழுந்து கால் பேசும், அதே இடத்தில் வாட்ச் சிக்னல் இல்லை என்று நிற்கும். வாட்ச் பழுதில்லை. பேட்டரியும் அப்படித்தான், ஆப்பிள் சொல்லும் 18 மணி நேரக் கணக்கு பல மாடல்களில் 14 மணி நேரம் போனோடும் 4 மணி நேரம் மட்டும் எல்டிஇயிலும் இருந்தால் வருவது. நாள் முழுக்கப் போன் இல்லாமல் சுற்றினால் சாயங்காலத்துக்குள் சார்ஜர் தேட வேண்டும்.

வெளிநாட்டுப் பயணமும் சிம் மாற்றமும்

சுற்றுலாவுக்கு வாங்கும் டிராவல் இ-சிம் போனுக்கு மட்டும்தான், வாட்ச்சில் ஏறாது. வாட்ச் வெளிநாட்டில் வேலை செய்ய உங்கள் ஊர் நிறுவனமே ரோமிங் தர வேண்டும். ஆப்பிள் இதை ஐஓஎஸ் 16, வாட்ச் ஓஎஸ் 9 காலத்தில்தான் கொண்டுவந்தது, சீரிஸ் 5-உம் அதற்குப் பிந்தையவையும், எஸ்இ, அல்ட்ராவும் ஏற்கும். சீரிஸ் 3, 4-இல் வழியே இல்லை. உங்கள் வாட்ச்சில் இருந்தாலும் நிறுவனம் தர வேண்டும், போனுக்கு ரோமிங் பேக் போட்டது வாட்ச்சுக்கும் சேருமா என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள், தெரியாவிட்டால் வாட்ச்சின் டேட்டா ரோமிங்கை அணைத்துவிடுங்கள். ஒரு நல்ல விஷயம், சீரிஸ் 5-இலிருந்து வந்த செல்லுலார் மாடல்கள் பெரும்பாலான நாடுகளில், எங்கே வாங்கியிருந்தாலும், மாதப் பிளான் இல்லாமலும், அந்த ஊர் அவசர எண்ணை அழைக்கும். பக்கவாட்டுப் பொத்தானை அழுத்திப் பிடித்தால் போதும்.

நம்பரை வேறு நிறுவனத்துக்கு போர்ட் செய்கிறீர்கள் என்றால் வரிசை முக்கியம். முதலில் புது நிறுவனம் உங்கள் வாட்ச்சுக்கும் உங்கள் வகைப் பிளானுக்கும் சேவை தருகிறதா என்று உறுதி செய்யுங்கள். போர்ட் ஆகும் முன் வாட்ச் ஆப்பில் பழைய பிளானை நீக்குங்கள். போனில் புது சிம் நன்றாக வேலை செய்ய ஆரம்பித்த பிறகு, அதற்கு முன்னால் வேண்டாம், மறுபடி செட் அப் செல்லுலார். நாடு மாறினாலும் இதே வரிசைதான், அலைவரிசைப் பொருத்தத்தை ஊர் மாறும் முன்னாலேயே பார்த்துவிட வேண்டும், ஏனென்றால் பொருந்தாது என்று தெரிந்தால் இங்கேயே விற்பது எளிது. வாரண்டி விஷயத்திலும் செல்லுலார் மாடலை வாங்கிய நாட்டிலேயே பார்க்கச் சொல்லிவிட வாய்ப்பு உண்டு.

விற்கும்போது வாட்ச்சைப் போனிலிருந்து பிரித்தால் (அன்பேர்) பிளானை வைத்திருக்கவா நீக்கவா என்று கேட்கும். புதுப் போன் வாங்கி அதே வாட்ச்சைச் சேர்ப்பவர் வைத்திருங்கள் என்று சொல்லலாம், விற்பவர் நீக்க வேண்டும். அங்கே நீக்கியதால் பில் நின்றுவிடாது. மொபைல் நிறுவனத்திடமும் தனியாகச் சொல்லி ரத்து செய்து, ரத்தான எஸ்எம்எஸ் வந்ததைப் பார்த்து, அடுத்த மாத பில்லில் அந்த வரி இல்லை என்பதையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.